போகலாம்

போனில் நர்ஸ் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

“ஹி மே கோ டுடே.”

இன்றைக்குப் போகலாம்.

மடியிலிருந்த விடைத்தாள்களைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் அத்தை நின்றிருந்தார். அவள் கணவன் தனபாலின் அம்மா. ஈரக் கையைச் சேலையில் துடைக்கத் தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ருமேனியாவில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து தனபால் விழுந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலையில் ஆபரேஷன். நேற்றுக் கண்ணைத் திறந்தான் என்று, அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஆத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரடியாக அழைப்பு வருவது இதுதான் முதல் தடவை.

யோவானா என்று பெயர் சொன்ன அந்த நர்ஸுக்கு மெல்லிய குரல். அவளுக்கும் ஆங்கிலம் படித்துத் தெரிந்துகொண்ட மொழிதான் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“டூ யூ வான்ட் டு ஸ்பீக் டு ஹிம்? ஐ கேன் ஹோல்ட் த போன்.”

போனை அவன் காதருகே பிடித்துக்கொள்கிறாளாம்.

தூங்குகிறாரா என்று இவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். ஆமாம், தூக்கம் மாதிரிதான் என்றாள்.

“நான் ஒரு வார்த்தை பேசட்டுமா சாமி?” என்றார் அத்தை.

“தூங்கறாராமுங்க அத்தை. எழுப்ப வேண்டாம். இன்னைக்கே அனுப்பிருவாங்களாட்ட இருக்குது. ரூமுக்கு வந்ததும் பேசிக்கலாம்.”

நர்ஸிடம் வேண்டாம் என்றாள். “ஹி ஷுட் ரெஸ்ட்” என்றாள்.

நர்ஸ் மறுபடி கேட்டாள்.

“ஆர் யூ ஷ்யூர்?”

“எஸ். தேங்க் யூ.”

“ஐ வில் ஸ்டே வித் ஹிம்.”

கூடவே இருக்கிறேன் என்கிறாள். என்ன நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவள் ஆத்தூர்க்காரருக்குச் செய்தி அனுப்பினாள். அண்ணா, அவருக்குக் கீழ்க்கட்டிலை ஒதுக்கிக் கொடுங்கள். கஞ்சி மாதிரி ஏதாவது வைத்துத் தர முடியுமா.

அவர் வேலையில் இருந்திருப்பார். பதில் வரவில்லை.

காலையில் பள்ளிக்குப் புறப்பட்டுச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இந்த முறை டாக்டர்.

“ஹி இஸ் கான்.”

போய்விட்டார்.

“வேர்?” என்று கேட்டாள்.

டாக்டர் பதில் சொல்லவில்லை.

அந்த அமைதியில்தான் அவளுக்குப் புரிந்தது.

ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் அந்த ‘மே’யை அவள்தான் நடத்துகிறாள். மே என்றால் அனுமதி. நீ உள்ளே வரலாம். மே என்றால் நடந்தாலும் நடக்கும். இன்று மழை வரலாம். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுத்து இரண்டையும் எதிரெதிரே எழுதுவாள். பிள்ளைகள் குழம்பினால், தமிழில் யோசித்துப் பாருங்கள் என்பாள்.

தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

பெட்டி வந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நல்லாத் தூங்கிட்டு இருந்தானுங்க. நாங்களும் எழுப்பல. தூக்கத்துலயே போயிட்டான். அது ஒண்ணுதான் ஆறுதல்.”

ஒவ்வொரு முறையும், தான் தப்பாகப் புரிந்துகொண்டதை அவள் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அன்றைக்கு அவனிடம் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்.

யோசித்துப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்பாள். தினமும் அதைத்தான் கேட்பாள்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒருநாள் அத்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்த நர்சுப் புள்ளையோட நம்பர் இருக்குதா சாமி?”

“எதுக்குங்க அத்தை?”

“கடைசி வரைக்கும் அவன்கூட இருந்தவ. நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். நான் சொல்றத நீ இங்கிலீசுல சொல்லு. அவ சொல்றத எனக்குச் சொல்லு.”

நம்பர் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வரவேற்பில் இரண்டு பேரைத் தாண்டி யோவானா பேச வந்தாள். இவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அத்தை போனுக்கு நேராகக் கைகூப்பினார். தங்கமான புள்ளை, உன் குடும்பம் நல்லா இருக்கோணும் என்றார். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

நர்ஸ் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“கையப் புடிச்சுட்டே இருந்தாளாமுங்க அத்தை.”

அத்தை தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசியில வலி இல்லையாமுங்க.”

நர்ஸ் இன்னும் சொன்னாள். அன்று போனை வைத்ததும் அவர் கண்ணைத் திறந்தார் என்றாள். கொஞ்ச நேரம் விழித்தே இருந்தார் என்றாள்.

அதை அவள் அத்தைக்குச் சொல்லவில்லை.

ஒன்று கேட்கலாமா என்றாள் நர்ஸ். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருந்தது. அன்றைக்கு ஏன் நீங்கள் அவரிடம் பேச வேண்டாம் என்றீர்கள்? அவருடைய அம்மாவுமா வேண்டாம் என்றார்?

பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள்.

அத்தை போனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

“என்னமோ கேக்கறாளாட்ட இருக்குது. என்ன சாமி கேக்கறா?”