கரிமேல் ஏறி வந்த மரபணு

ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் நோயில் கிடந்த ஒரு செல்லைக் குணமாக்க ஒரு மரபணுவை அனுப்பினார்கள். தனியாகப் போனால் வழியிலேயே நொதிகள் கடித்துத் துண்டாக்கிவிடும் என்று, ஒரு பொடிக் கரித்துகளின் முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

"போயும் போயும் கரிமேலயா?" என்று முகம் சுளித்தாலும், உயிர்மேல் ஆசை இருந்ததால் மரபணு அதை இறுகப் பிடித்துக்கொண்டது. கரித்துகள் முட்டி மோதி அதைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மேலிருந்து நீல ஒளி விழுந்ததும் கரித்துகள் பச்சையாக மின்னியது. நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், "மரபணு உள்ள போயிடுச்சு!" என்று கைதட்டினார்கள்.

"கேட்டியா, என் பேரைத்தான் சொல்றாங்க. என் ஒளி அப்படி," என்றது மரபணு.

"அப்ப இந்தக் கரி யாருங்க?" என்றது செல்.

"கூடவே ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கெளம்பச் சொல்லு, இடமெல்லாம் அழுக்காகுது."

கரித்துகள் வந்த வழியே வெளியேறியது. வேலையை நாளைக்குத் தொடங்கலாம் என்று மரபணு காலை நீட்டிப் படுத்தது.

மறுநாளும் நீல ஒளி விழுந்தது. மரபணு நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"ஒண்ணுமே தெரியல. மரபணு தங்கல போல," என்றது மேலே ஒரு குரல். "தட்டைக் கழுவிடு."

"ஐயோ, நான் இங்கதான இருக்கேன்!" என்று மரபணு அலறியது.

"அப்ப கொஞ்சம் மின்னிக் காட்டுங்க சாமி, சீக்கிரம்!" என்று செல் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே குழாயைத் திறந்துவிட்டார்கள்.