மூன்றாவது இன்ஜெக்டர்

என் கணவர் கடைசியாகக் கழற்றி மாட்டியது, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு சின்ன இன்ஜெக்டர். பட்டறைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. நெஞ்சு அடைக்கிறது என்று காலையிலேயே சொன்னவரை டாக்டரிடம் கூட்டிப்போக நான் வந்து நிற்கிறேன். அவரோ திறந்த பானெட்டுக்குள் குனிந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். எஞ்சின் திணறி ஓடுகிறது.

“என் காதும் ஓஞ்சு போச்சு. நீ கேளு.”

காதை வைக்கிறேன். ஒன்று, இரண்டு, நான்காவது இன்ஜெக்டர்கள் டிக் டிக்கென்று அடிக்கின்றன. மூன்றாவதில் சத்தமே இல்லை.

“உன் தங்கச்சி மாதிரி. கோவம் வந்தா வாயே திறக்காது.”

“நாளைக்குப் பேச வைக்கலாம். கிளம்புங்க.”

“பாதியில விட்டா வண்டிக்காரர் என்னம்மா பண்ணுவார்? விடிஞ்சா சவாரி இருக்கு அவருக்கு.”

எஞ்சினை அணைத்து அதைக் கழற்றுகிறார். கிளீனரைப் பீய்ச்சிவிட்டு, பேட்டரி ஒயரை அதில் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். நெற்றி வியர்வை புருவத்தில் தேங்குகிறது, துடைக்கவில்லை. உள்ளே ஒட்டியிருந்த ஊசி விடுபட்டுச் சொடுக்குகிறது. மாட்டிச் சாவியைத் திருப்ப, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே டயர் அடுக்கில் உட்கார்ந்து சுவரில் சாய்கிறார்.

“இப்ப போலாம்.”

ஆனால் எழுந்திருக்கவில்லை. தோளைத் தொடுகிறேன். தலை என் கைமேல் சரிகிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவருகிறார்கள். எஞ்சினை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது கொஞ்சமும் திணறாமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது.