யோசனை சொன்னவர்

"நெல்லை அவசரப்பட்டு யாவாரிகிட்ட தள்ளிடாதீங்க. நல்லா காயவச்சு, கொள்முதல் நிலையத்துலயே போடுங்க" என்றது காலை வானொலி.

செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலஞ்சு நாளா அடைமழை. எங்க காயவைக்கிறது, இந்த மனுஷன் தலையிலயா?"

"போன வாரம் பதிவு பண்ணினது. அப்ப வெயில் அடிச்சுது" என்றார் கணவர் இராஜாங்கம், தலை நிமிராமல்.

"மழை புடிச்சதும் போன் போட்டு நிறுத்தச் சொல்ல வேண்டாமா? ஊரு நம்புமே!"

"நமக்கென்ன? நம்ம நெல்லைத்தான் நேத்தே யாவாரிக்குப் போட்டாச்சே. ரேடியோவை அணை."

அதற்குள் பக்கத்து வயல்காரர் நெடுமாறன் நனைந்தபடி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, வந்த யாவாரியைத் திருப்பி அனுப்பிட்டேன். ரேடியோவுல நீங்களே சொல்றப்ப, வேற யாரை நம்பறது?"

செந்தாமரை ரேடியோவின் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தாள்.