காவலனின் யோசனை

மிதுனின் பெருங்குடலில் பிதுங்கியிருந்த சிறு பைகள் மறுபடியும் வீங்கிப் புண்ணாகி, இடது அடிவயிறு நெருப்பாக எரிந்தது. குடலைக் கண்காணிக்க அங்கேயே பதித்திருந்த காவலன் என்ற கருவி, கைப்பேசி வழியாக வழக்கம்போல் சொன்னது: "அறுவை வேண்டாம். மருந்தும் கஞ்சித்தண்ணீரும் போதும்." காவலன் சம்மதிக்காமல் எந்த மருத்துவரும் கத்தியைத் தொடுவதில்லை.

வெட்டி எடுக்க வேண்டிய குடல் துண்டில்தான் காவலனே குடியிருக்கிறது என்பது அவன் மனைவி யாழினிக்கு அன்றுதான் உறைத்தது. கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் அமுக்கினாள்.

"அது தன் உசுரக் காப்பாத்திக்கப் பாக்குது, மிதுன்."

"எங்கம்மாவையே சந்தேகப்பட்டவ. என் குடலை மட்டும் விட்டுவைப்பியா?"

தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் கைப்பேசியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பொய்யைச் சத்தமாகச் சொன்னாள்.

"டாக்டர்கிட்டக் கேட்டேன். ஆபரேஷன் பண்ணுனா காவலனப் பத்திரமா எடுத்து வேற எடத்துல வெச்சுத் தெச்சிருவாங்களாம்."

காவலன் உடனே, "மறுபடி ஆராய்ந்தேன். அறுவைதான் நல்லது" என்றது.

மிதுன் வலியோடு சிரித்தான். "நீ ஆசப்பட்டதையே சொல்லிருச்சு. கெளம்பு."

யாழினி நகரவில்லை. இத்தனை நாள் சொன்னது பொய்யென்றால், இதை மட்டும் எப்படி நம்புவது?

"இதக் கேக்காம, வயித்த அமுக்கிப் பாத்துச் சொல்ற டாக்டர்கிட்டப் போலாம்."

மிதுனின் சிரிப்பு நின்றது.

"அப்படிச் சொல்லத் தெரிஞ்ச டாக்டர் இப்ப யாருடி இருக்கா?"