ஆறு ரோலர்கள்

"என் வண்டி வயித்தைத் தொறந்து போட்டுக்கிட்டு என்னடி பண்றே?"

பெரியவள் போட்ட சத்தத்தில் சின்னவள் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. இருவரும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள். ஒரே கூரை, ஆனால் அடுப்பு இரண்டான நாளிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. முறிந்த பேச்சு மறுபடி துளிர்த்ததே இந்த லட்சணத்தில்தான்.

"ரோலர் மாத்தினேன்க்கா. முடிஞ்சிருச்சு."

தண்ணி கேன் போடும் வேலைக்குப் பெரியவளுக்குச் சோதனை இன்றைக்குத்தான். பின்னால் இரண்டு தண்ணி கேனைக் கட்டிக்கொண்டு, கால் ஊன்றாமல் மேட்டின் உச்சிக்கு ஏறிக் காட்டினால் வேலை என்று கேன் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். சின்னவள் ஏற்கெனவே அங்கே கேன் போடுகிறவள். பெரியவளின் வீட்டுக்காரரோ கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறார். இந்த வேலையை விட்டால் வேறு போக்கிடமில்லை.

நேற்று ஒத்திகை பார்த்தபோது பாதி மேட்டில் ஸ்கூட்டர் கிணற்றுக்குள்ளிருந்து உறுமுவதுபோல் உறுமி நின்றுவிட்டது. "சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற வேரியேட்டர்ல இருக்கிற ஆறு ரோலரையும் மாத்தணும்மா. சரக்கு அடுத்த வாரம்தான்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

தரையில் அழுக்குத் துணிமேல் ஆறு குட்டி உருளைகள் கிடந்தன. பெரியவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினாள். நல்ல கனம்.

"இது என் வண்டியில இருந்ததுதானே?"

"ஆமாக்கா."

"இப்போ உள்ளே வச்சது?"

"இதைவிட லேசு. லேசா இருந்தாத்தான்க்கா மேடு ஏறும்."

"யாருக்குடி காது குத்துறே? நோஞ்சானா மூட்டை தூக்குவான்? கனமானதை உருவிட்டு சொத்தையைச் சொருகிட்டே. நான் ஏறிட்டா உன் தெருவுல பாதி எனக்கு வந்துடுமேன்னு வயித்தெரிச்சல்!"

சின்னவள் உருளைகளைத் துணியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"திரும்ப மாத்த நேரமில்ல. ஏறிப் பாருங்க."

"ஏறுவேன்டி! வண்டி ஏறலேன்னா கேனைத் தலையில வச்சுக்கிட்டாவது ஏறுவேன்!"

மேட்டின் அடிவாரத்தில் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். கிள்ளிவிட்ட குழந்தை மாதிரி இன்ஜின் வீறிட்டது. 'பாவி, எதையோ கெடுத்து வச்சிருக்கா!' பிடியை விடவில்லை. நேற்று நின்ற இடம் வந்தது. கடந்தது. இன்ஜின் கத்திக்கொண்டேதான் இருந்தது, வண்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. கால் தரையைத் தொடவே இல்லை.

உச்சியில் நின்றிருந்த முதலாளி, "நாளையிலேருந்து வந்துடும்மா" என்றார்.

கேன்களை இறக்கிவிட்டுப் பெரியவள் ராணி மாதிரி இறங்கி வந்தாள். 'நீ குழி பறிச்சும் ஏறிட்டேன் பாத்தியா' என்று சொல்லவேண்டியதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

பாதி வழியில் சின்னவளே எதிர்ப்பட்டாள். வண்டியில் கேன்கள். அவள் வண்டிமேல் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் நடந்தபடி மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, நேத்து வரைக்கும் பறந்த வண்டிக்கு இன்னைக்கு என்ன கேடு?"

கேட்டு முடிக்கவில்லை, அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற உறுமல்.

பெரியவள் பிரேக்கைப் பிடித்தாள்.

"ஏய்... என் ரோலரை என்ன பண்ணினே?"

"என் வண்டியில போட்டிருக்கேன். ரெண்டும் ஒரே மாடல்தானே."

"அப்போ உன்னோடது?"

சின்னவள் தோளில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுலதானேக்கா இப்போ உச்சிக்குப் போயிட்டு வர்றீங்க! வேலை கிடைச்சிருச்சுல்ல? கொஞ்சம் பின்னால பிடிச்சுத் தள்ளுங்க, சறுக்குது."