கரடி வாங்கிய நெஞ்சுப்பட்டை

மலையேறினால்தான் தேன். ஆனால் கொக்கு டாக்டர் கரடியிடம் கறாராகச் சொல்லிவிட்டது: "நெஞ்சுத் துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டினா இறங்கிடு. மீறி ஏறினா தேன் கிடைக்காது, சங்குதான்."

துடிப்பைக் காட்டும் நெஞ்சுப்பட்டை வாங்கக் கரடி குரங்கின் கடைக்குப் போனது. குரங்கு ஒரு பட்டையை எடுத்து, உள்பக்கம் எச்சில் துப்பித் தடவி, கரடியின் நெஞ்சில் இறுக்கியது.

"ஈரம் இருந்தாத்தான் அண்ணாச்சி, சரியாப் பிடிக்கும். கடையைச் சுத்தி ஒரு ஓட்டம் ஓடிட்டு வாங்க."

ஓடி வந்தது. பட்டை நூற்று அறுபத்தெட்டு காட்டியது.

"பொய் சொல்லுது. வேற குடு."

வேறொன்றைக் கட்டி ஓடியது. அதிலும் நூற்று அறுபத்தெட்டு.

"ரெண்டும் கூட்டுக் களவாணி. அந்த மூலையில தொங்குதே, அது என்ன?"

"அது ரிப்பேர், அண்ணாச்சி. யாரு கட்டினாலும் எழுபத்திரண்டுதான். ஆணியில தொங்கும்போதே எழுபத்திரண்டு காட்டுது பாருங்க."

கரடி பார்த்தது. வயிறு குளிர்ந்துபோயிற்று. அதன் நெஞ்சைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

"அதையே கட்டு."

மறுநாள் பாதி மலையில் கரடி நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வழியே வந்த அணில் பதறிப்போய், "என்ன மாமா, டாக்டரைக் கூப்பிடவா?" என்றது.

கரடி தலையைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தது. எழுபத்திரண்டு.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றது மூச்சு வாங்கியபடி. "முடிஞ்சா இந்த மலையைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு. போன வருஷத்தைவிட இது ரொம்ப வளர்ந்திருக்கு."