தினகரன் கிடந்த மெத்தை

தினகரன் காலையில் இறந்துபோனார். சாவு வீட்டில் உட்கார நாற்காலி இல்லையென்றால் வந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? மகன் நிதர்சன், அப்பா வருஷக்கணக்கில் கிடந்து பள்ளம் விழுந்திருந்த மெத்தையை எடுத்துக் கரைப்பான் நிரப்பிய தொட்டியில் போட்டுக் கரைத்தான். அந்தக் கரைசலில் மஞ்சள் வினையூக்கியை விட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று வரும். நீலத்தை விட்டால் கல்லாக இறுகும். நீலத்தை விட்டு, அச்சுகளில் ஊற்றினான். அரை மணி நேரத்தில் நாற்காலிகள் தயார்.

சொந்தக்காரர்கள் அவற்றில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். சுகன்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் போனதற்கு அழுகையே வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நிதர்சன் கேட்டான்.

"இந்த நாற்காலியெல்லாம் என்னம்மா பண்றது?"

"திரும்ப மெத்தையாவே ஆக்கிருடா. நான் படுத்துக்கிறேன்."

நாற்காலிகளைக் கரைத்து, இந்த முறை மஞ்சளை விட்டான். அப்பாவின் கட்டிலிலேயே மெத்தையைப் போட்டான். சுகன்யா படுத்தாள். அவருடைய தோளும் இடுப்பும் அழுந்திய பள்ளத்தை அவள் கை தானாகத் தேடியது. மெத்தை ஒரே சமமாக இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"புதுசு மாதிரி இருக்குடா" என்றாள். கை இன்னும் தடவிக்கொண்டே இருந்தது.